பொருள்: மறு: ‘ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங்’ – தமிழில் என்ன போடலாம்?

வணக்கம் தம்பி,

> ஹைபிரிட்டுக்கு ‘கலப்பு எரிபொருள் கார்’, ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங்குக்கு ‘மீளாக்க நிறுத்தம்’. மெக்கானிக் கையேட்டுக்கு இது போதுமா அண்ணே?

இரண்டுமே இடறும். முதலாவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பங்க்கில் இப்போது போடுவதே 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல்தான்; கலப்பு எரிபொருள் என்றால் ஆட்களுக்கு அதுதான் நினைவுக்கு வரும். ஹைபிரிட்டில் எரிபொருள் எதுவும் கலப்பதில்லை. சக்கரத்தைச் சுற்றுகிற வேலையை என்ஜினும் மோட்டாரும் பங்கு போட்டுக்கொள்கின்றன. இரண்டும் உந்துவதால் ‘ஈருந்து கார்’ என்பேன். ‘கலப்பினம்’ மாட்டுப் பண்ணையோடு இருக்கட்டும்.

‘நிறுத்தம்’தான் பெரிய தொந்தரவு. மதுரை கோரிப்பாளையம் சிக்னலை நோக்கி 40 கி.மீ. வேகத்தில் வருகிற காரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்களோடு 1,400 கிலோ என்றால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 86 கிலோஜூல், அதாவது 24 வாட்-மணி. பிரேக் பெடலை மெதுவாக அழுத்தினால் மோட்டார் ஜெனரேட்டராக வேலைசெய்து சக்கரத்தின் சுழற்சியிலிருந்து மின்சாரம் எடுக்கும். அந்த இழுவையில்தான் வேகம் இறங்குகிறது. ஆனால் நடைவேகத்துக்கு வந்தபின் பிரேக் பேட் சக்கரத்தின் டிஸ்க்கைப் பிடித்தால்தான் வண்டி நிற்கும். ஓங்கி மிதித்தாலும் அதே கதை: பேட்டரியால் அவ்வளவு வேகமாக வாங்கிக்கொள்ள முடியாது, மிச்சம் டிஸ்க்கில் சூடாகப் போய்விடும். ஆக, இது வண்டியை நிறுத்துவதில்லை, வேகத்தைத் தணிக்கிறது.

‘மீளாக்க’மும் இல்லை. வெப்பமாக வீணாகவிருந்ததில் ஒரு பங்கு மின்சாரமாகக் கைக்கு வருகிறது, அவ்வளவே. ‘மின்மீட்புத் தணிப்பு’ எப்படி?

———

அண்ணே,

> மின்மீட்புத் தணிப்பு

பட்டறையில் மீட்பு வண்டி என்றால் பழுதான காரைக் கட்டி இழுத்து வருவது. முன்னால் ‘மின்’ இருப்பதால் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். ‘மின்மீட்புத் தடை’ என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். மின்தடை என்றால் நம் ஊரில் கரண்ட் கட்.

எனக்குச் சந்தேகம் வேறு. கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது பாதி மலையிலேயே என்ஜின் உறுமுகிறது, பழுது என்று வண்டியைக் கொண்டுவருகிறார்கள். பெட்ரோல் மிச்சமாகவேண்டிய இடத்தில் என்ஜின் ஏன் ஓடுகிறது? அதற்கும் இதே சொல்லா?

———

தம்பி,

அது பழுதில்லை. சொல்லும் வேறு வேண்டும். கணக்கைப் பாருங்கள்: இறக்கம் ஏறத்தாழ 1,800 மீட்டர். அதே 1,400 கிலோவுக்கு அது 7 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு (ஒரு யூனிட் 1,000 வாட்-மணி). கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் போன்ற ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் (மோட்டார் மட்டுமே வண்டியை ஓட்டவும் முடிகிற வகை) பேட்டரி 0.76 யூனிட்தான். அதையும் அடிவரை காலிசெய்து விளிம்புவரை நிரப்ப விடமாட்டார்கள், ஆயுள் குறையும் என்று நடுப்பகுதியை மட்டும் புழங்கவிடுவார்கள். காற்றும் டயரும் தின்றதுபோக மீதி இருப்பதைக்கூட பேட்டரி கொள்ளாது. சிக்னலின் 24 வாட்-மணிக்கு அளவெடுத்த பேட்டரி அது.

நிரம்பியதும் மோட்டார் மின்சாரத்தை எங்கே அனுப்பும்? அப்போது கம்ப்யூட்டர் பெட்ரோலை அடைத்துவிட்டு என்ஜினை வெறுமனே சுற்றவைக்கிறது; அதைச் சுற்றும் பாரமே வண்டியை இழுத்துப் பிடிக்கும். உறுமல் அதுதான், எரிபொருள் செலவில்லை. கியர் லீவரை ‘பி’யில் (B; பார்க்கிங்கின் P அல்ல) போட்டால் இந்த இழுவை கூடும். போடாமல் பெடலையே மிதித்துக்கொண்டு இறங்கினால் பேட் கருகும். என்ஜின் இழுவைக்கு ‘என்ஜின் தணிப்பு’, பேட் பிடிப்பதற்கு ‘உராய்வுத் தணிப்பு’. மூன்றும் ஒரே வேரில் வந்துவிடுவதால் ‘தணிப்பு’ எனக்குப் பிடிக்கிறது.

திருமங்கலம் தாண்டி நான்குவழிச் சாலையில் ஒரே வேகத்தில் போகிறவருக்கு மீட்க ஒன்றும் இல்லை என்பதையும் எழுதுங்கள். அங்கே மிச்சம் வருவது பெரும்பாலும் அட்கின்சன் சுழற்சி என்ஜினால் (அதே பெட்ரோலில் கூடுதல் வேலை எடுக்கும் வகை). டவுனுக்குள் வருகிற மைலேஜ் வித்தியாசம் அங்கே வராது.

சொல்லைவிட முக்கியமானது: பல மாடல்களில் பேட்டரிக்குக் குளிர்காற்று பின்சீட்டுப் பக்கத்து ஓட்டை வழியாகப் போகிறது. அதை சீட் கவரோ பையோ மறைத்தாலும், ஃபில்டரில் தூசி அடைத்தாலும் அக்னி நட்சத்திரத்தில் பேட்டரி சூடேறி சார்ஜ் வாங்குவதைக் குறைக்கும். மின்மீட்புத் தணிப்பு குறைந்து, வேலை பேட்டுக்குப் போகும், மைலேஜ் இறங்கும். என்ஜினை நோண்டுவதற்குமுன் அந்த ஃபில்டரைப் பாருங்கள்.

———

சரி அண்ணே, மூன்று ‘தணிப்பு’களையும் ஏற்றிவிட்டேன். எச்சரிக்கைப் பகுதி இப்படி:

“சத்தமில்லை என்பதால் ஆஃப் என்று நினைக்காதே, ‘ரெடி’ விளக்கு எரிகிறதா பார். ஆஃப் செய்து, சாவியைத் தள்ளி வைத்து, 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்று. மின்காப்புக் கையுறையோடு, பெரிய பேட்டரியைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை எடுத்து, இன்வெர்ட்டர் கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் வடிய 10 நிமிடம் பொறு. உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு ஒயரை அதற்குமுன் தொடாதே.”

‘பி’ நிலைக்கு ‘இறக்க கியர்’ என்று போடலாமா? உண்மையில் அங்கே கியர் எதுவும் மாறுவதில்லை என்பதுதான் இடிக்கிறது.