ரெக்ஸ், மோர்டின், ஜெனோஃபேஜ்: உங்கள் மாஸ் எஃபெக்டில் என்ன நடந்தது?

தொடக்கப் பதிவு

மாஸ் எஃபெக்ட் என்னும் விண்வெளிக் கணினி விளையாட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே மூன்றாம் பாகத்தின் முடிவைப் பற்றிய பழைய வழக்குத்தான் வந்து நிற்கிறது. அதை ஓரமாக வைத்துவிட்டு, க்ரோகன் இனத்தைப் பிடித்த ஜெனோஃபேஜ் நோயின் கதை உங்கள் விளையாட்டில் எப்படிப் போயிற்று என்று கேட்பதற்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். கதை முழுவதும் இங்கே வெளிப்பட்டுவிடும் என்பதால், இன்னும் விளையாடாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கனடாவின் எட்மண்டன் நகரைச் சேர்ந்த பயோவேர் நிறுவனம் 2007, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் இந்த மூன்று பாகங்களையும் வெளியிட்டது. ஒரு பாகத்தில் நாம் விளையாடியதைச் சேமித்துவைத்த சேவ் கோப்பை அடுத்த பாகம் வாசித்துக்கொள்ளும் என்பதால், 2007-இல் கமாண்டர் ஷெப்பர்டாக நாம் எடுத்த ஒரு முடிவு 2012-இல் வந்து வாசலில் நிற்கும். இதை எத்தனையோ பேர் பாராட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்த ஏற்பாடு முழு வலுவோடு வேலை செய்த இடம் எது என்று கேட்டால், நான் தயங்காமல் ஜெனோஃபேஜைத்தான் சொல்வேன்.

கதையின் முன்வரலாறு இதுதான். ராக்னி என்னும் பூச்சியினத்தோடு நடந்த போரில் மற்ற விண்வெளி இனங்கள் தோற்றுக்கொண்டிருந்தபோது, அணுப்போரால் தங்கள் டுசாங்கா கிரகத்தையே பாழாக்கிக்கொண்டு கிடந்த க்ரோகன்களைச் சலேரியன் என்னும் அறிவியலில் தேர்ந்த இனத்தவர் தேடிப்போய், தொழில்நுட்பத்தைக் கொடுத்துப் படைவீரர்களாக அழைத்துவந்தார்கள். வென்ற க்ரோகன்கள் பெருகி, பிறருடைய கிரகங்களைப் பிடிக்கத் தொடங்கியதும், சலேரியன்கள் உருவாக்கிய ஜெனோஃபேஜை டூரியன் என்னும் இன்னொரு இனத்தவர் க்ரோகன்கள்மீது பரப்பினார்கள். அதன்பின் ஆயிரத்தில் ஒரு குழந்தை உயிரோடு பிறந்தாலே பெரிது. இதையெல்லாம் விளையாட்டு ஒரே மூச்சில் பாடமாக நடத்துவதில்லை. விளையாட்டுக்குள் இருக்கும் கோடெக்ஸ் என்னும் தகவல் களஞ்சியத்தில் கொஞ்சம் கிடைக்கும். ஷெப்பர்டின் நார்மண்டி விண்கப்பலின் கீழ்த்தளத்தில் சுவரோரமாக நிற்கும் க்ரோகன் தோழன் ரெக்ஸிடம் ஒவ்வொரு பயணத்திற்குப் பிறகும் போய்ப் பேச்சுக் கொடுத்தால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும். பெற்ற தகப்பனே தன்னைக் கொல்லச் சூழ்ச்சி செய்ததை அவன் சொல்லும்போது குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இருக்காது.

அப்படிப் பேசிப் பழகிய பிறகுதான் விர்மைர் என்னும் கிரகம் வருகிறது. முதல் பாகத்தின் எதிரியான சேரன் அங்கே ஜெனோஃபேஜுக்கு மருந்து கண்டுபிடித்து, தனக்கென்று ஒரு க்ரோகன் படையை வளர்க்கிறான். அந்தக் கூடத்தை அணுகுண்டு வைத்துத் தகர்க்க வேண்டும். ரெக்ஸ் கோபத்தோடு கடற்கரைக்குப் போய்த் தண்ணீரை நோக்கிச் சுட்டுக்கொண்டிருக்கிறான். அவனிடம் போய் நாம் பேச வேண்டும். பேச்சு முற்றி, இருவர் கையிலும் துப்பாக்கி நீள்கிறது. நயமாகவோ மிரட்டியோ பேசும் திறனில் போதுமான புள்ளிகளைச் சேர்த்திருந்தால் வழி உண்டு. அவனுடைய குடும்பக் கவசத்தை முன்பே மீட்டுக் கொடுத்திருந்தாலும் உண்டு. நான் கவசத்தை மீட்டிருந்தேன். அப்போது அதை ஒரு சில்லறை வேலையாகத்தான் செய்தேன். அந்தக் கடற்கரையில் அதுவே, பதில்களைத் தேர்ந்தெடுக்கும் உரையாடல் சக்கரத்தில் ஒரு வரியாக வந்து நின்றபோது நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாம் பாகத்தில் இந்தக் கதை எதிர்ப்பக்கத்திலிருந்து தொடர்கிறது. ஒமேகா நிலையத்தில் கொள்ளைநோய்க்கு நடுவே மருத்துவமனை நடத்தும் மோர்டின் சோலஸ், மூச்சு விடாமல் வேகவேகமாகப் பேசும் சலேரியன் கிழவர், நகைச்சுவைப் பாத்திரம் என்றே முதலில் தோன்றும். க்ரோகன் உடல் ஜெனோஃபேஜை மெல்ல வெல்லத் தொடங்கியதும் அதைத் திருத்தி மீண்டும் பரப்பிய குழுவில் அவரும் ஒருவர் என்பது பிறகுதான் தெரிகிறது. கணக்கெல்லாம் சரி, வேறு வழியில்லை என்று அவர் வாதாடுவார். ஆனால் டுசாங்காவின் பாழடைந்த மருத்துவமனையில், பரிசோதனைக்கு உள்ளாகி இறந்த ஒரு க்ரோகன் பெண்ணின் உடல் முன்னால் அவருடைய வேகம் நின்றுபோகும். வாதத்தில் தோற்றுப்போகாமலேயே ஒருவர் மனம் மாறுவதை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய வேறு விளையாட்டை நான் பார்த்ததில்லை.

மூன்றாம் பாகத்தில் மருந்து தயாராகிறது. அதை வளிமண்டலத்தில் கலக்க வேண்டிய ஷ்ரவுட் கோபுரம் இடிந்துகொண்டிருக்கிறது. முன்பே சலேரியன்கள் செய்துவைத்த சதியை மேலே போய்க் கையால் சரிசெய்தால்தான் மருந்து வேலை செய்யும். மோர்டின் மின்தூக்கியில் ஏறுகிறார். ஓய்வுபெற்றுக் கடற்கரைக்குப் போயிருந்தால் சிப்பிகளை ஆராய்ந்திருக்கலாம் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு, மேலே வேலை செய்தபடியே தம்முடைய பழைய வேடிக்கைப் பாட்டை முணுமுணுக்கிறார். பாட்டு பாதியில் நிற்கிறது. இரண்டாம் பாகத்தில் அவருக்குக் குரல் கொடுத்தவர் ஒருவர், மூன்றாம் பாகத்தில் வேறொருவர்; அந்தக் காட்சியில் எனக்கு அந்த வேறுபாடு உறைக்கவே இல்லை.

ரெக்ஸ் பிழைத்தான், ஈவ் என்று நாம் அழைத்த க்ரோகன் பெண் பிழைத்தாள், மருந்து பரவியது, மோர்டின் போனார். என் கதை இது. உங்களுடையது?

மறுமொழி

நண்பரின் பதிவு அருமை. ஆனால் என் கதை ஏறக்குறைய இதற்கு நேர்மாறானது. அதற்காக நான் வருந்தவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விர்மைரில் நான் ரெக்ஸைச் சுட்டேன். கவசம் தேடி நான் போகவில்லை. பேச்சுத் திறனிலும் புள்ளிகள் போதவில்லை. அணுகுண்டு வைக்கப் போகும் நேரத்தில் தளபதியின் முகத்துக்கு நேரே துப்பாக்கி நீட்டும் ஒருவனை, அவன் எவ்வளவு நெருங்கியவனாக இருந்தாலும், ஒரு படைத்தலைவர் என்ன செய்வாரோ அதைத்தான் என் ஷெப்பர்ட் செய்தாள். இரண்டாம் பாகத்தில் மோர்டினின் மாணவன் மேலன், ஜெனோஃபேஜுக்கு மருந்து தேடி உயிருள்ளவர்களை வதைத்துச் சேர்த்த ஆய்வுத் தரவை அழிக்கச் சொன்னதும் அதே நேர்மையின் பேரில்தான்.

இரண்டும் மூன்றாம் பாகத்தில் ஒன்றாக வந்து சேர்ந்தன. ரெக்ஸ் இல்லாததால் அவனுடைய சகோதரன் ரீவ் க்ரோகன் தலைவனாக வந்தான். மருந்து கிடைத்த மறுகணம் சலேரியன்களையும் டூரியன்களையும் பழிதீர்ப்பதைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசினான். மேலனின் தரவு இல்லாததால் ஈவ் சிகிச்சையில் இறந்துபோனாள். ரீவைக் கட்டுப்படுத்தும் ஒரே குரலும் போயிற்று. மருந்தைக் கெடுத்துவிட்டால் ரீப்பர் என்னும் பொது எதிரியோடு நடக்கும் போருக்குப் படை தருகிறேன் என்று சலேரியன் தலைவி சொன்னபோது, அவளுடைய வாதம் எனக்குக் கேவலமாகவும் தோன்றியது, சரியாகவும் தோன்றியது.

கோபுரத்தின் அடியில் மோர்டினிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: ஈவ் இல்லை, தலைமையில் இருப்பது ரீவ், இப்போது இந்த மருந்தைக் கொடுப்பது அடுத்த போரைக் கொடுப்பதாகும். அவர் நெடுநேரம் யோசித்தார், பிறகு ஏற்றுக்கொண்டார். மின்தூக்கியில் அவர் ஏறவில்லை. பிறகு எங்கோ மறைவாகப் போய், அந்த எதிரிக்கு எதிரான க்ரூசிபிள் என்னும் ஆயுதத்தைக் கட்டும் பணியில் சேர்ந்துகொண்டார். பலருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது. ரெக்ஸும் ஈவும் இல்லாத விளையாட்டில் மட்டுமே அது திறக்கும். நல்ல மனத்தோடு விளையாடிய நண்பர் மோர்டினை இழந்தார், நண்பனைச் சுட்டுவிட்டுத் தரவையும் அழித்த எனக்கு அவர் உயிரோடு கிடைத்தார். எழுதியவர்கள் இதைத் தெரிந்தேதான் செய்திருக்க வேண்டும்.

ரீவுக்கு உண்மை தெரியவே வராது. மருந்து பரவிவிட்டதாக நம்பி க்ரோகன்கள் கொண்டாடுகிறார்கள், க்ரோகன் படையும் எனக்குக் கிடைக்கிறது, சலேரியன் ஆதரவும் கிடைக்கிறது. விளையாட்டு என்னைத் தண்டிக்கவில்லை. போர் வலிமைக் கணக்கில் எண் ஏறியதைத்தான் காட்டியது. அந்த எண்ணைப் பார்த்தபோது ஏற்பட்ட அசௌகரியத்தை எந்தத் தண்டனைக் காட்சியும் தந்திருக்காது என்று நினைக்கிறேன்.

மறுமொழி

உங்கள் இருவருக்குமாவது ரெக்ஸ் என்றொருவன் இருந்தான். நான் இரண்டாம் பாகத்திலிருந்து தொடங்கியவன். முதல் பாகத்தின் சேவ் கோப்பு இல்லாமல் தொடங்கினால், ரெக்ஸ் விர்மைரில் இறந்துவிட்டதாகவே விளையாட்டு எடுத்துக்கொள்ளும். ஆகவே டுசாங்காவுக்குப் போனபோது கல் சிம்மாசனத்தில் ரீவ்தான் உட்கார்ந்திருந்தான். முரட்டுத் தலைவன் ஒருவன், க்ரோகன்கள் இப்படித்தான் போலும் என்று எண்ணிக்கொண்டு, கூட வந்த இளம் க்ரோகன் க்ரன்டுக்கு நடக்க வேண்டிய சடங்கை முடித்துவிட்டுக் கிளம்பினேன். அந்த இருக்கையில் வேறொருவன் இருந்திருக்கலாம் என்ற சந்தேகமே எனக்கு எழவில்லை. இல்லாதவனின் இடம் அத்தனை கச்சிதமாக நிரப்பப்பட்டிருந்தது.

2021-இல் மூன்று பாகங்களும் மெருகேற்றப்பட்டு லெஜண்டரி எடிஷன் என்று ஒரே தொகுப்பாக வந்தபோது முதல் பாகத்தை முதன்முறையாக விளையாடினேன். (மாக்கோ வண்டியை மலைமேல் ஏற்றும் பாடு அப்போதும் முற்றாகத் தீர்ந்தபாடில்லை.) விர்மைரில் ரெக்ஸைப் பேசிச் சமாதானப்படுத்திவிட்டு, அதே டுசாங்கா கூடத்திற்கு மீண்டும் போனேன். அதே படிகள், அதே இடிபாடு, அதே இருக்கை. எதிரே நின்று வாதிட்டுக்கொண்டிருந்த க்ரோகனை ஒரு கையால் ஒதுக்கித் தள்ளிவிட்டு ரெக்ஸ் இறங்கிவந்து ஷெப்பர்டின் கையைப் பற்றினான். பழக்கமான இடத்தில் பழக்கமான சடங்குக்காக வந்திருந்த எனக்கு, அந்தக் கூடம் முதல்முறையாக யாரோ வாழும் இடமாகத் தெரிந்தது. அவன் குலங்களை ஒன்றுசேர்ப்பதைப் பற்றிப் பேசியதை எல்லாம் நின்று கேட்டேன்.

மூன்றாம் பாகத்தில் மருந்தைக் கொடுத்துவிட்டேன். ரெக்ஸை வைத்துக்கொண்டு அதைக் கெடுக்க என்னால் முடியவில்லை. அப்படிச் செய்தால் பிறகு அவனுக்கு விவரம் தெரிந்து சிட்டடல் என்னும் விண்வெளி நிலையத்துக்கே தேடி வருவான் என்றும், அந்தச் சந்திப்பில் அவன் பிழைப்பதில்லை என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன். துணிந்து அந்த வழியில் போனவர் யாராவது இருந்தால் நடந்ததை விரிவாக எழுதுங்கள். நானாக அந்தப் பக்கம் போவதாக இல்லை.