பிராங்கோஸ்கோப்பி (மூச்சுக்குழாய்க்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) நேரத்தில் மட்டும் மானிட்டர் அலறுகிறது, உதவுங்கள்

மார்த்தாண்டத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்கோப் அறை டெக்னீஷியன் நான். ஸ்கோப் குரல்நாணைத் தாண்டியதும் நோயாளி இருமுவார். உடனே இசிஜி கோடு தாறுமாறாகி, 'வி.டி.' (இதயக் கீழறையில் கிளம்பும் ஆபத்தான வேகத் துடிப்பு) என்று சிவப்பு அலாரம். நேற்று ரப்பர் பால் வெட்டும் அண்ணன் ஒருத்தருக்கு மூன்று தடவை அடித்தது. டாக்டர் ஒவ்வொரு தடவையும் ஸ்கோப்பை நிறுத்திவிட்டு என்னை முறைக்கிறார். கேபிளை மாற்றியாச்சு. அலாரத்தை மியூட் செய்யலாமா?

பதில் (ஐசியு நர்ஸ், நாகர்கோவில்):
மியூட் மட்டும் வேண்டாம் தம்பி. அலாரம் அடித்ததும் கீழே பிளெத் அலையை (விரல் புரோப் காட்டும் நாடி அலை) பாருங்கள், மணிக்கட்டில் நாடியையும் பிடியுங்கள். இரண்டும் முன்பு போலவே சீராக ஓடினால் அது இருமல் ஆட்டம். அலை தட்டையானாலோ குழம்பினாலோ டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். பிபி கஃப் கட்டிய கையில் விரல் புரோப் மாட்டாதீர்கள், கஃப் இறுகும்போது அலை காணாமல் போகும். இசிஜி கோட்டைத் தாளில் ஸ்ட்ரிப் பிரிண்ட் எடுத்தீர்களா?

கேட்டவர்:
எடுத்தேன் அக்கா. கிறுக்கலுக்கு நடுவில் கூரான கியூஆர்எஸ் (ஒவ்வொரு துடிப்புக்கும் வரும் முனை) ஒரே இடைவெளியில் தெரிகிறது. பிளெத்தும் நன்றாக இருந்தது.

பதில் (அனஸ்தீசியா டெக்னீஷியன், தக்கலை):
அப்போ ஒட்டுவதில்தான் கோளாறு. எலக்ட்ரோடு (உடம்பில் ஒட்டும் இசிஜி பட்டை) பாக்கெட் எப்போது திறந்தது? ஜெல்லைத் தொட்டுப் பாரும். கைகளுக்கான பட்டைகளைத் தோளெலும்புக்குப் பக்கத்தில் ஒட்டும், விலாவில் ஒட்டினால் இருமும்போதெல்லாம் ஆடும். முடியைக் கத்தரித்து, வியர்வையைத் துடைத்து, காஸ் துணியால் லேசாகத் தேய்த்துவிட்டு ஒட்டும். கரண்ட் இரைச்சல் வேறு மாதிரி, 50 ஹெர்ட்ஸில் கோடு முழுக்க மெல்லிய ரோமம் போலத் தடித்துத் தெரியும். அதுசரி, நேற்று எஸ்பிஓ2 (ரத்த ஆக்சிஜன் சதவீதம்) எவ்வளவு இறங்கியது?

கேட்டவர்:
ஜெல் காய்ந்து அப்பளம் மாதிரி இருக்கிறது அண்ணே! பாக்கெட் திறந்தே கிடந்திருக்கிறது. எஸ்பிஓ2 ஒரு தடவை 86.

பதில் (ஐசியு நர்ஸ், நாகர்கோவில்):
அந்த 86 எனக்குப் பிடிக்கவில்லை. ஆக்சிஜன் குறைந்தால் துடிப்பு வேகமாகும், கூடுதல் துடிப்புகள் நிஜமாகவே வரும். ஸ்கோப் உரசும்போது வேகஸ் நரம்பு (துடிப்பை மெதுவாக்கும் நரம்பு) தூண்டப்பட்டால் துடிப்பு திடீரென்று விழவும் செய்யும். லிக்னோகெயின் (மரத்துப்போக வைக்கும் மருந்து) கணக்கையும் எழுதி வையுங்கள்: 2% என்றால் ஒரு மில்லியில் 20 மில்லிகிராம். அளவு மீறினால் வலிப்பும் வரும், துடிப்பும் கெடும்.

கேட்டவர், இரண்டு நாள் கழித்து:
புது எலக்ட்ரோடு, தோளில் ஒட்டினேன். இருமலுக்குக் கோடு கொஞ்சம் ஆடியது, வி.டி. அலாரம் வரவில்லை. ஆனால் நடுவில் துடிப்பு 44க்கு இறங்கி வேறு அலாரம் அடித்தது. நாடியும் அதே 44. டாக்டர் ஸ்கோப்பை வெளியே இழுத்து ஆக்சிஜனைக் கூட்டினார், சற்று நேரத்தில் 70க்கு வந்தது. இந்தத் தடவை முறைக்கவில்லை.