காலேஜ்ல ஆடிட்டு கோச் ஆனவங்க: நீங்க நேர்ல பார்த்தவங்களப் பத்தி எழுதுங்க

மிட்ராண்ட், ஜோபர்க்:

எம்பொண்ணு சனிக்கிழமை போற பாஸ்கெட்பால் கிளப்ல ஒரு கோச் இருக்காரு, சொவேட்டோக்காரரு, யுனிவர்சிட்டி டீம்ல பாயிண்ட் கார்டா, அதாவது பந்தக் கொண்டு போயி பாஸ் போட்டு ஆட்டத்த நடத்தற ஆளா, ஆடினவரு, பேரு வேணாம். டிகிரி முடிச்சதும் ஆடறதுக்கு இடமே இல்ல. இந்த சவுத் ஆப்பிரிக்காவுல ரக்பி, சாக்கர், கிரிக்கெட்டுக்குப் போனது போக மிச்சம் இருந்தாத்தான் பாஸ்கெட்பாலுக்கு. நேஷனல் லீக்னு ஒன்னு 2013ல வந்துச்சு, ஆனா அதுல ஆடி வீட்டு வாடகை கட்டிட முடியாது. அதனால பகல்ல ஆபீஸ் வேலை, சாயங்காலமும் சனிக்கிழமையும் கோச்சிங்.

முதல் நாள் நாங்கல்லாம் வீடியோ எடுக்கலாம்னு போனத் தூக்கிட்டு நிக்கிறோம், மனுஷன் பைக்குள்ள இருந்து பந்தையே வெளில எடுக்கல. ஒவ்வொரு பிள்ளையா ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்கு யாரும் தடுக்காம எறியறது) கோட்டுல நிக்க வச்சு முட்டிய மடக்கு, கையத் தூக்கு, மணிக்கட்ட மடிச்சு விடுன்னு, எல்லாம் வெறுங்கையோட. பக்கத்துல நின்ன ஒரு அப்பா "இதுக்கா சார் ரேண்ட் ரேண்டா கட்டினோம்"னு எங்கிட்ட முணுமுணுத்தாரு. மூஞ்சியப் பார்த்தே கோச்சுக்குப் புரிஞ்சிருக்கும்போல, பிரேக்ல வந்து, என்பிஏன்ற அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்ல பாயிண்ட் கார்டா ஆடின ஸ்டீவ் நாஷோட பழைய வீடியோ ஒன்னு காட்டினாரு. ரெஃப்ரி பந்தக் குடுக்கறதுக்கு முன்னாடியே நாஷ் கோட்டுல நின்னு வெறுங்கையாலயே எறிஞ்சு பார்த்துக்குவாரு. என்பிஏல அவரோட ஃப்ரீ த்ரோ கணக்கு மொத்தமா 90 சதவீதத்துக்கு மேல. அப்பா கப்சிப்.

நாஷ் நம்ம ஜோபர்க்ல பொறந்தவருங்க, 1974ல. ஒன்றரை வயசுல கனடாவுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. ஸ்கூல் முடிச்சப்ப அமெரிக்க காலேஜுங்களுக்கு டேப் அனுப்பி அனுப்பிப் பார்த்து, கடைசில ஸ்காலர்ஷிப் தர்றேன்னு வந்தது சாண்டா கிளாரா ஒன்னுதான். 1993 மார்ச்ல நேஷனல் காலேஜ் டோர்னமெண்ட்ல 15ஆவது சீட்டா (தர வரிசைல) இருந்த அந்த டீம், 2ஆவது சீட் அரிசோனாவ 64-61னு கவுத்துச்சு, கடைசி அரை நிமிஷத்துல வரிசையா ஆறு ஃப்ரீ த்ரோ போட்டது முதல் வருஷம் படிச்ச நாஷ். எல்லாம் வெறுங்கைப் பயிற்சியோட மகிமைன்னு எங்க கோச் சொல்றாரு, அது கொஞ்சம் ஓவர்னு எனக்குத் தோணும்.

அப்புறம் என்பிஏல 2005, 2006னு ரெண்டு தடவ எம்விபி, அதாவது அந்த சீசனோட சிறந்த ஆட்டக்காரர். ஆனா 2020ல ப்ரூக்ளின் நெட்ஸ்ங்கற என்பிஏ டீமுக்கு கோச்சா வந்த கதை வேற மாதிரி ஆயிடுச்சு. அசிஸ்டண்ட் கோச்சா பெஞ்சுல உக்காந்த அனுபவமே இல்லாம நேரா ஹெட் கோச், கைல டுரான்ட், ஐர்விங், அப்புறம் ஹார்டன்னு பெரிய ஸ்டார் ஆட்டக்காரங்க. 2021 பிளே ஆஃப்ல மில்வாக்கி கிட்ட ஏழாவது மேட்ச் ஓவர்டைம்ல போச்சு, அடுத்த வருஷம் பாஸ்டன் 4-0னு தூக்கிப் போட்டுச்சு, 2022 நவம்பர் 1ந்தேதி ஆளு வெளிய. 94 ஜெயிச்சு 67 தோத்தாரு, மோசம்னு சொல்ல முடியாது. அதே 1993ல தோத்த அரிசோனா டீம்ல டேமன் ஸ்டூடமையர்னு ஒருத்தரு ஆடினாரு, அவரும் என்பிஏ முடிச்சு காலேஜுங்கள்ல அசிஸ்டண்டா வருஷக்கணக்குல இருந்துட்டு, 2016ல பசிஃபிக் காலேஜ் டீமுக்கு ஹெட் கோச் ஆனாரு, 2023ல ஜார்ஜியா டெக் காலேஜுக்குப் போனாரு. என் கணக்கு என்னன்னா, யாருக்கு பாஸ் போடணும்னு தானே பார்த்துடறவங்களுக்கு, அதப் பார்க்காதவனுக்கு எப்படிச் சொல்லித் தர்றதுன்னு தனியா கத்துக்க வேண்டியிருக்கு, அத பெஞ்சுல உக்காந்துதான் கத்துக்கணும்.

எங்க கோச் கிட்ட எனக்குப் பிடிச்சதே அதான். ஆட்டம் நடக்கும்போது திடீர்னு விசில் அடிச்சு நிறுத்தி, ஆடற பிள்ளைங்களக் கேக்க மாட்டாரு, பெஞ்சுல உக்காந்து ஜூஸ் குடிச்சிட்டிருக்கறதக் கேப்பாரு, "இப்ப அஞ்சாம் நம்பர் ஏன் அங்க நின்னா?"ன்னு. பதில் சொன்னாத்தான் அடுத்து உள்ள எறக்குவாரு. எம்பொண்ணு ஸ்கூல்ல நெட்பால் ஆடினவ, பந்து கைக்கு வந்ததும் அப்படியே நின்னுடுவா. நெட்பால்ல தட்டிக்கிட்டு ஓடக் கூடாது, மூணு செகண்டுக்குள்ள பாஸ் போடணும், அந்தப் பழக்கம். வேற கோச்சா இருந்தா பந்தத் தட்டிக்கிட்டு ஓடு ஓடுன்னு கத்தியிருப்பாரு. இவரு "பாஸ் பார்க்கற கண்ண யாரோ இலவசமா குடுத்திருக்காங்க, அதக் கெடுத்துக்காத, கைய மெதுவா பழக்கிக்கலாம்"னாரு.

சாட்ஸ்வர்த், டர்பன்:

தம்பி, நாஷ் குடும்பம் ஏன் கிளம்பிச்சுன்னு விட்டுட்டீங்களே. அப்பா ஜான் நாஷ் இங்க ஃபுட்பால் ஆடினவரு, அபார்தைட்னு நிறவெறி ஆட்சி இருக்கற நாட்டுல பிள்ளைய வளர்க்க மாட்டோம்னு கிளம்பினவங்க. அது வெள்ளக்காரங்களுக்கு இருந்த வழி. நாங்க இனம் பிரிச்சு ஏரியா ஒதுக்கின குரூப் ஏரியாஸ் சட்டத்துல வீட்ட விட்டுட்டு சாட்ஸ்வர்த்துக்கு வந்து விழுந்தவங்க. எங்க மாமா ஒருத்தரு யுனிவர்சிட்டில பாஸ்கெட்பால் ஆடி, அப்புறம் ஸ்கூல் வாத்தியாரா கோச்சிங் பண்ணினாரு. 1973ல வந்த சகோஸ்ங்கற, நிறவெறிய எதிர்த்த விளையாட்டுச் சங்கக்காரங்க "ஒழுங்கில்லாத சமுதாயத்துல ஒழுங்கான விளையாட்டு கெடையாது"ன்னு சொன்ன காலம், அவரும் அந்தப் பக்கம்தான். வெள்ளக்கார டீமோட ஆடக் கூப்பிட்டப்ப போகல. நாட்டுக்காக ஆடற வயசெல்லாம் அப்படியே போச்சு, அதப் பத்தி வருத்தமா ஒரு வார்த்த பேசி நான் கேட்டதில்ல, ஆனா வீட்டுல டிவில மேட்ச் போட்டா ரெஃப்ரிய மட்டும் விடாம திட்டுவாரு.

பிரிட்டோரியா:

நான் 2015 ஆகஸ்ட்ல எல்லிஸ் பார்க் அரினாவுல என்பிஏ ஆப்பிரிக்கா மேட்ச் பார்த்தேங்க, ஆப்பிரிக்க மண்ணுல என்பிஏ நடத்தின முதல் மேட்ச். ஆப்பிரிக்கா டீம வேர்ல்ட் டீம் 101-97னு ஜெயிச்சுது. நான் பாதி நேரம் பார்த்தது பெஞ்சுல கோச்சா இருந்த கிரெக் பாப்பவிச்சத்தான். ஏர் ஃபோர்ஸ் அகாடமில காலேஜ் பாஸ்கெட்பால் ஆடினவரு, அப்புறம் பொமோனா பிட்ஸர்னு சின்ன காலேஜுக்கு கோச், முதல் சீசன்ல 2 ஜெயிச்சு 22 தோத்தவரு. அந்த ஆளுதான் என்பிஏல ஸ்பர்ஸ் டீமுக்கு அஞ்சு சாம்பியன்ஷிப் வாங்கிக் குடுத்தாரு. காட்சி மேட்ச்தானே, சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கலாம், ஒரு டைம் அவுட்ல பையன் ஒருத்தன் தோள்ல கை வச்சுக்கிட்டு முழு நேரமும் அவன்கிட்ட மட்டும் பேசிட்டிருந்தாரு. நான் இருந்த சீட்டுக்கு ஒன்னும் கேக்கல.

மிட்ராண்ட், ஜோபர்க்:

அண்ணே, உங்க மாமா இன்னும் இருக்காரா? எங்க கோச் அந்தக் கால டர்பன் ஆளுங்களப் பத்தி அடிக்கடி கேப்பாரு. ஜூலை ஸ்கூல் லீவுல பிள்ளைங்கள டர்பனுக்குக் கூட்டிட்டு வர்றோம், முடிஞ்சா ஒரு அரை நாள் வந்து பேசச் சொல்லுங்க, ரெஃப்ரி வேலைக்கும் ஆள் தேடிட்டுதான் இருக்கோம்.