டெல்லி முகாமில் பாடிய நம்ம ஊர்ப் பிள்ளைகள்: உங்கள் அனுபவங்கள்

பாட்டு டீச்சர், பாளையங்கோட்டை:

ஒரு பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என்.சி.சி. (தேசிய மாணவர் படை) பிள்ளைகளைக் குழுப்பாடலுக்குத் தயார் செய்வது பல வருஷம் என் வேலையாக இருந்தது. குடியரசு தின முகாம் என்றால் எல்லாருக்கும் ஜனவரி 26 அணிவகுப்புதான் ஞாபகம் வரும். டெல்லி கண்டோன்மென்டில் அதே முகாமில் இயக்குநரகங்களுக்கு இடையே குழுப்பாடல் போட்டியும் உண்டு. இயக்குநரகம் என்றால் என்.சி.சி.யின் மாநில அளவுப் பிரிவு. தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் நிக்கோபார் மூன்றும் சேர்ந்து நமக்கு ஒரே இயக்குநரகம். அந்தமான் பிள்ளையும் நெல்லைப் பிள்ளையும் தோளோடு தோள் நின்று பாட வேண்டியிருக்கும். அந்த இடத்துக்குப் போவதற்குள் முகாம் மேல் முகாமாக வடிகட்டிவிடுவார்கள்.

ஒரு பிள்ளையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நாங்குநேரிப் பக்கம் ஊர். அப்பா பகலில் வாழைத்தார் லோடு ஏற்றுவார், கோயில் கொடைத் திருவிழா நாட்களில் வில்லுப்பாட்டில் குடம் அடிப்பார். இவளும் சின்ன வயசிலிருந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து பின்பாட்டுப் பாடியவள். மைக் இல்லாமலே கோயில் வாசலில் பாடினால் தெருக்கோடி வரை கேட்கும். அப்படி ஒரு குரல்.

குழுவில் அந்தக் குரல்தான் தொந்தரவு ஆயிற்று. பத்துப் பேர் பாடினால் அவள் ஒருத்திதான் கேட்பாள். நான் "குறை, குறை" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவளும் குறைத்தாள். ஒரே வாரத்தில் குரலே இல்லாமல் போனது. உதடு அசைகிறது, சத்தம் இல்லை. கண்ணில் தண்ணீர் நிற்கிறது. அது முழுக்க என் தப்பு. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு அடித்துக்கொள்ளும்.

ஒரு சனிக்கிழமை பிள்ளையைக் கூட்டிப் போக அவள் அப்பா வந்திருந்தார். வராந்தாவில் நின்று கொஞ்ச நேரம் கேட்டவர், "டீச்சர், நான் ஒரு வார்த்தை சொல்லலாமா?" என்றார். அப்புறம் மகளைப் பார்த்து, "ஏட்டி, நீ என்ன புலவர் எடத்துலயா உக்காந்திருக்கே? பின்பாட்டுல இருக்கே. முன்னால உள்ளவுக விட்ட எடத்தப் பிடி. அவுகள மூடிராத, அவ்வளவுதான்" என்றார்.

அவளுக்கு அது உடனே விளங்கிவிட்டது. வில்லுப்பாட்டில் முன்னால் பாடுகிற புலவர் ஒரு அடியைப் பாடி விடும்போது, அதன் வாலைப் பிடித்துப் பின்பாட்டுக்காரர்கள் எழும்புவார்கள். அவருடைய காலம், அவருடைய சுருதி, அவர் எங்கே இழுப்பார் என்பது எல்லாம் காதில் இருக்க வேண்டும். அன்றைக்குப் பாடும்போது அவள் தலையை லேசாகச் சாய்த்துப் பக்கத்துப் பிள்ளையைக் கேட்டபடி பாடினாள். முழுக் குரலில்தான் பாடினாள், ஆனால் தனியாகத் தெரியவில்லை. குரலைக் குறைக்கச் சொன்ன நான், காதைத் திறக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

அதன் பிறகுதான் மூச்சுப் பாடத்துக்கு வந்தோம். நீளமான வரியில் எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் பாட்டு அறுந்துபோகும். அதனால் ஒவ்வொரு பிள்ளையின் தாளிலும் சிவப்புப் பென்சிலால் வேறு வேறு இடத்தில் கோடு போட்டேன். பக்கத்துப் பிள்ளை மூச்சு வாங்கும் இடத்தில் நீ வாங்கக் கூடாது. வாங்கிவிட்டு உள்ளே வரும்போது மெதுவாக வந்து சேர வேண்டும். கேட்பவர்களுக்கு ஒரே நீண்ட மூச்சு போலத் தெரியும். இந்திப் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதி, கீர்த்தனைப் புத்தகத்தில் போடுகிற மாதிரி தலையில் எண் போட்டுக் கொடுப்பேன். 'பாரத்' என்பதில் 'பா' மேல் 4, அதாவது காற்றோடு சொல்ல வேண்டிய நான்காவது 'ப'. அந்த 4 வாயில் ஏற மூன்று நாள் ஆனது. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்து, காற்று படுகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சொன்னார்கள்.

எங்கள் பள்ளியிலிருந்து மதுரை முகாமுக்குப் போனது ஐந்து பேர். சென்னைக்கு இரண்டு பேர். டெல்லிக்கு அவள் மட்டும். சென்னையிலிருந்து திரும்பி வந்த பிள்ளையும் அதே தரம்தான், இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். நெல்லை எக்ஸ்பிரஸில் காலையில் வந்து இறங்கியவள் நேரே பள்ளிக்கு வந்தாள். தன் பையில் இருந்த சுக்கு, பனங்கற்கண்டுப் பொட்டலத்தை என்னிடம் நீட்டி, "டீச்சர், அங்க குளிராம். இத அவளுக்கு அனுப்ப முடியுமா?" என்று கேட்டாள்.

பழைய கேடட், அம்பாசமுத்திரம்:

டீச்சர் சொன்னது அப்படியே உண்மை. எனக்குப் பிரச்சினை வேறு மாதிரி. நான் கோயில் (சர்ச்) பாடகர் குழுவில் வளர்ந்தவன். டானிக் சொல்ஃபா என்கிற எழுத்துச் சுரக் குறிப்பைப் பார்த்து, பாஸ் என்கிற கீழ்க்குரல் பகுதியைப் பாடித்தான் பழக்கம், டிசம்பர் முழுக்க வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் கேரல் பாடப் போவோம். முகாமில் எல்லாரும் ஒரே மெட்டைப் பாட, என் குரல் தன்னாலே கீழே இறங்கிவிடும். முதல் இரண்டு நாள் நல்ல திட்டு வாங்கினேன். மூன்றாம் நாள் பயிற்சியாளர் பாட்டை நிறுத்தி, "கடைசி வரியில் மட்டும் அப்படியே இறங்கு" என்றார். புதுச்சேரிக்காரப் பையன் ஒருத்தனையும் என்னோடு சேர்த்துவிட்டார். அந்தக் கடைசி வரிக்காக மீதிப் பாட்டு முழுவதும் காத்துக்கொண்டே பாடுவோம். அவன் இன்றைக்கும் எனக்குப் போன் பண்ணுகிறான்.

ஒரு அம்மா, களக்காடு:

எனக்குப் பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. மகள் டெல்லியில் இருந்த நாட்களில் சாயங்காலம் போன் வரும் நேரத்துக்கு அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள், "அங்க பாடுறத எனக்குப் பாடிக் காட்டு" என்றேன். பாடினாள். பாட்டு மாதிரியே இல்லை, நடுவில் நடுவில் ஒரே சுரத்தில் நின்றுகொண்டிருந்தது. "இது என்ன பாட்டுட்டி?" என்று கேட்டேன். "எம் பங்கு இவ்வளவுதாம்மா. மேல உள்ளத மத்தவுக பாடுவாக" என்றாள்.

சரி, அதையே இன்னொரு தடவை பாடு என்றேன்.