ராத்திரி 11 மணிக்கு நாயைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வீரன்வீட்டுக்காரன், சாட்ஸ்வர்த்:

எல்லாருக்கும் வணக்கம், தென்னாப்பிரிக்கா டர்பனிலிருந்து. இப்போது ஞாயிறு விடியற்காலை 4 மணி. தூக்கம் வரவில்லை, இங்கே வந்து கொட்டுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், சனிக்கிழமைத் தமிழ் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது.

எங்கள் நாய் பெயர் வீரன். 6 வயது, சாதி நாய் இல்லை, சந்தைக்குப் பின்னால் கிடந்த குட்டி. தைப்பூசக் காவடிக்காக வீட்டில் 10 நாள் விரதம், கறி மீன் எதுவும் உள்ளே வரவில்லை, அவனுக்கும் தயிர்ச்சோறும் பருப்பும்தான். வியாழக்கிழமை தட்டை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தான். துரைக்குக் கறி இல்லாமல் சோறு இறங்கவில்லை என்று எல்லாரும் சிரித்தோம். வெள்ளியும் அப்படியே. சனிக்கிழமை வீடு நிறையச் சொந்தக்காரர்கள், மச்சான் காவடி எடுக்கிறான், பூக்கட்டுவதும் சமையலுமாக இருந்ததில் அவனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ராத்திரி 10 மணிக்கு மேல் மாமியார்தான் பின்பக்கம் போய்விட்டு வந்து, நாய் மூத்திரம் கறுப்புக் காப்பி மாதிரி போகிறது, வந்து பாருங்கள் என்றார். போய்ப் பார்த்தால் எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. உதட்டைத் தூக்கினேன், ஈறு வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தது.

வழக்கமாகப் போகும் வெட் (விலங்கு டாக்டர்) சனிக்கிழமை மத்தியானமே மூடிவிடுவார். போன் அடித்தால் பதிவு செய்த குரல் வேறொரு நம்பரைச் சொல்கிறது, அதை எழுதிக்கொள்ளப் பேனா தேடி மூன்று தடவை திரும்பத் திரும்ப அடித்தேன். கடைசியில் பக்கியில் (பின்பக்கம் திறந்த சின்ன வண்டி) போட்டு அரை மணி ஓட்டி அவசர ஆஸ்பத்திரிக்குப் போனோம். காதில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தேய்த்துப் பார்த்துவிட்டுப் பிலியரி, அதாவது உண்ணி கடித்து வரும் நோய் என்றார்கள். ரத்த அளவு (ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீதம் என்பது) 13, நல்ல நாய்க்கு 37க்கு மேல் இருக்க வேண்டுமாம். ரத்தம் ஏற்ற வேண்டும், முதலில் டெபாசிட் கட்டுங்கள் என்றார்கள். சொன்ன தொகை என் மாதச் சம்பளத்தில் பாதி. கட்டினேன். மனைவிக்கு முழுத் தொகையை இன்னும் சொல்லவில்லை.

கேட்க நினைத்தது இதுதான். இரண்டு நாள் சும்மா இருந்தது என் தப்பா? ஊசி போட்டாகிவிட்டது, அப்புறமும் ஏன் ‘இரண்டாம் ராத்திரிதான் பார்க்க வேண்டும்’ என்கிறார்கள்? இன்னும் பணம் கேட்டால் எங்கே நிறுத்துவது? இதில் அடிபட்டவர்கள் சொல்லுங்கள்.

மெர்பேங்க்_ஆயா:

தம்பி, முதலில் ஒரு வாய் டீ குடி. இரண்டு நாள் சாப்பிடாத நாயைப் பார்த்துச் சிரிக்காத வீடு கிடையாது. என் வீட்டில் இதைவிட மோசம். பூனை காய்ச்சலாகக் கிடக்கிறது என்று என் தங்கச்சி பாவம் பார்த்து அரைப் பனடோவை (பாராசிட்டமால் மாத்திரை) தண்ணீரில் கரைத்து ஊற்றிவிட்டாள், நமக்கு நல்லதென்றால் அதற்கும் நல்லதுதானே என்று. பூனையின் ஈரலுக்கு அந்த மருந்தை முறிக்கத் தெரியாது, ரத்தத்தையே கெடுத்துவிடும் என்று அப்புறம்தான் தெரிந்தது. ஈறு சாக்லேட் நிறமாகி, முகம் வீங்கி, விடிவதற்குள் போய்விட்டது. தங்கச்சி ஒரு வருடம் பூனைப் பேச்சையே எடுக்கவில்லை. நீயாவது ஒன்றும் கொடுக்காமல் தூக்கிக்கொண்டு ஓடினாய்.

காவடி நாளில் முருகன் சந்நிதிக்குப் போகவில்லையே என்று மனசில் வைத்துக்கொள்ளாதே. நானும் இன்று கோயிலுக்குத்தான் போகிறேன், உன் வீரனுக்கும் சேர்த்துக் கற்பூரம் ஏற்றுகிறேன்.

ராத்திரி_டூட்டி, பீனிக்ஸ்:

நான் விலங்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ், பல வருடம் ராத்திரி வேலை. அண்ணா, உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் ஒழுங்காகப் பதில் சொல்கிறேன்.

பிலியரி என்பது மஞ்சள் நாய் உண்ணி கடித்து வருவது. பபீசியா என்ற கிருமி சிவப்பணுவுக்குள் புகுந்து உடைக்கிறது, உடைந்த சிவப்புதான் மூத்திரத்தில் காப்பியாகப் போகிறது. நம் நாட்டில் இருக்கும் பபீசியா ரோசி, அந்தக் குடும்பத்திலேயே முரட்டுப் பிள்ளை. ஊசி கிருமியைக் கொல்லும். ஆனால் அதற்குள் நாயின் உடம்பு குழம்பிப்போய், தன் நல்ல அணுக்களையும் எதிரி என்று நினைத்து உடைத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் கிருமி செத்த பிறகும் ரத்த அளவு இறங்கும், சிலதுக்கு மூளையும் சிறுநீரகமும் நுரையீரலும் அடி வாங்கும். முதல் ராத்திரி எழுந்து வாலாட்டிய நாய் இரண்டாம் ராத்திரி சரிந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஒரு வாரம் படுத்தே கிடந்தது எழுந்து வீட்டுக்குப் போனதையும் பார்த்திருக்கிறேன்.

டெபாசிட் பற்றி. எங்கள் மேல்தான் எல்லாருக்கும் கோபம், தெரியும். ராத்திரி வெளிச்சம், ஆட்கள், மெஷின், லோட்ஷெட்டிங் (மின்வெட்டு) காலத்தில் ஓடிய ஜெனரேட்டர் டீசல் எல்லாம் அதில்தான் ஓடுகிறது, அரசாங்கம் எங்களுக்கு ஒரு சதம் தருவதில்லை. ஆனால் ஒன்று. உங்களால் எவ்வளவு முடியும் என்பதை முதல் 5 நிமிடத்திலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வெட்கப்படாதீர்கள். ‘என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது, இதற்குள் எது முக்கியம்’ என்று கேட்டால் ஸ்கேனை விட்டுவிட்டு ரத்தத்தைப் பிடிப்பார்கள். சொல்லாமல் தலையாட்டிவிட்டு மூன்றாம் நாள் பில்லைப் பார்த்து அழுகிறவர்கள்தான் அதிகம். எங்கே நிறுத்துவது என்றும் அவரிடமே நேராகக் கேளுங்கள்: உங்கள் நாயாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று. நல்ல டாக்டர் மழுப்ப மாட்டார்.

இன்னொன்று, ரத்தம். உங்கள் பக்கத்தில் பெரிய நாய் யாராவது வைத்திருக்கிறார்களா? 25 கிலோவுக்கு மேல், 1 முதல் 8 வயதுக்குள், தடுப்பூசி போட்ட, சாதுவான நாய் என்றால் ரத்தம் கொடுக்கலாம். சுமார் 450 மில்லி எடுப்போம், கொடுத்துவிட்டு பிஸ்கட் தின்றுவிட்டுப் போகும். சொந்தமாகத் தானம் கொண்டு வந்தால் சில இடங்களில் பில் கொஞ்சம் குறையும், கேட்டுப் பாருங்கள்.

லெனேசியா_ரவுடி:

எங்கள் ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) பக்கம் பிலியரியைவிட டூ ஸ்டெப்தான் பயம். தெரியாதவர்களுக்கு: ஆல்டிகார்ப் என்ற பூச்சி மருந்து, கடுகு மாதிரிக் கறுப்பு மணி, தடை செய்து பல வருடம் ஆகியும் டாக்சி ரேங்கில் எலி மருந்து என்று சின்ன பாக்கெட்டில் விற்கிறார்கள். திருட வருகிறவன் ஒரு துண்டு போலனிக்குள் (இறைச்சி சாசேஜ்) வைத்து மதிலுக்கு மேலே எறிவான். இரண்டு அடி எடுத்து வைப்பதற்குள் விழும் என்றுதான் அந்தப் பெயர். 2024 அக்டோபரில் சொவெட்டோவில் 6 பிள்ளைகள் இறந்தார்களே, அது டெர்பூஃபோஸ், அதே மாதிரி வேலை செய்கிற பூச்சி மருந்துதான்.

என் இரண்டு நாயும் ஒரே ராத்திரியில் தின்றன. எச்சில் ஒழுகி, உடம்பு உதறி, கண்மணி ஊசி முனை மாதிரிச் சுருங்கிவிட்டது. ஒன்றுக்கு அட்ரோபின் போட்டுக் காப்பாற்றினார்கள், மற்றது காரிலேயே போய்விட்டது. நான் செய்த முட்டாள்தனம், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கப் பார்த்து 15 நிமிடத்தைத் தொலைத்தேன். உதற ஆரம்பித்த நாய்க்கு வாயில் எதையும் ஊற்றக்கூடாதாம், நுரையீரலுக்குள் போய்விடுமாம். வெறும் கையால் அந்த வாந்தியைத் தொடவும் கூடாது, அது நம் தோல் வழியாகவே ஏறும். மிச்சத் துண்டை பிளாஸ்டிக் பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள், எந்த விஷம் என்று தேடும் நேரம் மிச்சம்.

கரும்புக்காடு, வெருலம்:

மன்னிக்கணும், யாரும் அடிக்க வராதீர்கள். ஒரு நாய்க்கு அரை மாதச் சம்பளம் கொஞ்சம் அதிகம் இல்லையா? எங்கள் தாத்தா காலத்தில் கரும்புத் தோட்டத்து லயத்தில் நாய் செத்தால் குழி வெட்டிப் புதைத்துவிட்டு வேலைக்குப் போவார்கள். எஸ்பிசிஏ என்ற விலங்கு நலச் சங்கம் இருக்கிறது, வசதி இல்லாதவர்களுக்குக் குறைந்த செலவில் பார்க்கிற சங்கங்கள் டர்பனில் இருக்கின்றன, அங்கே போகலாமே. இன்ஷூரன்ஸ் என்று ஒன்றும் விற்கிறார்கள்.

இப்படிச் சொல்கிற நான் போன வருடம் என்ன செய்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். கோழிக்கூண்டு பக்கம் ம்ஃபெஸி (விஷம் துப்பும் நாகம்) படமெடுத்து என் நாயின் கண்ணில் துப்பிவிட்டு முகத்திலும் கடித்தது. குழாயைத் திறந்து 20 நிமிடம் கண்ணைக் கழுவினேன், போனில் தூரத்திலிருந்தே பாம்பைப் படம் எடுத்தேன், மகன் ஓட்ட நான் பின்னால் பிடித்துக்கொண்டு போனேன். விஷ முறிவு மருந்து ஒரு குப்பி விலையைக் கேட்டு எனக்கே விஷம் ஏறின மாதிரி ஆகிவிட்டது. கட்டினேன். நைட் ஆடர் என்ற வேறொரு பாம்பு கடித்திருந்தால் அந்த மருந்தே வேலை செய்யாது, அது அந்தப் பட்டியலில் இல்லை என்றார்கள், அதனால் படம் உதவியது. கன்னத்துத் தோல் அழுகி உரிந்து இரண்டு மாதம் புண். இப்போதும் அந்தக் கோழிக்கூண்டுக்குத்தான் காவல்.

ராத்திரி_டூட்டி, பீனிக்ஸ்:

வெருலம் அண்ணா, தாத்தா கதையை நன்றாக ஆரம்பித்தீர்கள் 😄 எஸ்பிசிஏ நல்ல இடம்தான், ஆனால் எல்லா ஊரிலும் ராத்திரி டாக்டர் இருக்க மாட்டார், போன் செய்து கேட்காமல் ஓட்டிப் போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்து நிற்காதீர்கள். இன்ஷூரன்ஸ் நாய் நன்றாக இருக்கும்போது எடுக்க வேண்டியது, படுத்த பிறகு எடுத்தால் அந்த நோய்க்குத் தர மாட்டார்கள்.

ரேபிஸ் ஊசிப் புத்தகத்தை வண்டியிலேயே வையுங்கள், அதையும் யாரும் சொல்லவில்லை. நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் எச்சில் ஒழுகி, தள்ளாடி, கடிக்க வருகிற நாய் என்றால் முதல் சந்தேகம் எங்களுக்கு அதுதான். புத்தகம் இல்லையென்றால் கையுறை, தனி அறை என்று எல்லாம் மெதுவாகிவிடும்.

வீரன்வீட்டுக்காரன், சாட்ஸ்வர்த்:

புதன்கிழமை. முதலில் பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி, தனித்தனியாகச் சொல்ல நேரம் இல்லை.

ஞாயிறு ராத்திரி அந்த நர்ஸ் தங்கச்சி சொன்னபடியே நடந்தது, முதல் ரத்தம் ஏற்றி 24 வரை போனது மறுபடி 14க்கு வந்துவிட்டது. இன்னொரு பை வேண்டும் என்றார்கள். டாக்டரிடம் நேராக என் கணக்கைச் சொன்னேன், அவர் காகிதத்தை எடுத்து இரண்டு டெஸ்டை அடித்துவிட்டு, இது இன்று வேண்டாம், இதை நாளை பார்க்கலாம், ரத்தம் மட்டும் தள்ள முடியாது என்றார்.

அப்புறம் ஒன்று நடந்தது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு பூர்புல் சாதிக் காவல் நாய் இருக்கிறது, கன்றுக்குட்டி அளவு. வீரனும் அதுவும் மதிலுக்கு இரண்டு பக்கமும் நின்று நான்கு வருடமாகக் குரைக்கிறார்கள், அந்தச் சத்தத்தால் அவருக்கும் எனக்கும் பேச்சே இல்லை, முனிசிபாலிட்டிக்கு ஒரு தடவை எழுதிக்கூடப் போட்டார். திங்கள் காலை வெட்கத்தை விட்டுவிட்டு அவர் கேட்டில் நின்றேன். முழுசாகக் கேட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனார், சரி, கதவை மூடிவிட்டார் என்று திரும்பினால் நாய்ச் சங்கிலியோடு வருகிறார். 62 கிலோ. ஆஸ்பத்திரியில் அது அசையாமல் படுத்துக் கழுத்தைக் கொடுத்தது, அவர்தான் ஊசியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நேற்று சாயந்திரம் வீரன் வீட்டுக்கு வந்தான். ஈறு இளஞ்சிவப்பு, அரைக் கிலோ கோழி ஒரே மூச்சில் காலி, விரதம் முடிந்துவிட்டது. மனைவியிடம் முழுத் தொகையைச் சொல்லிவிட்டேன், இன்னும் பேசவில்லை, ஆனால் கோழியை ஆக்கியது அவள்தான்.

இரண்டு சந்தேகம். உண்ணிக்கு 3 மாதத்துக்கு ஒரு மாத்திரை என்கிறார்கள், டர்பனில் குளிர்காலத்திலும் தொடர வேண்டுமா? அந்தப் பூர்புல்லுக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம்?

ராத்திரி_டூட்டி, பீனிக்ஸ்:

வருடம் முழுக்கக் கொடுங்கள், நம் கடற்கரைப் பக்கம் உண்ணிக்குக் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. ஒரு தடவை வந்தவனுக்கு மறுபடி வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெள்ளிக்கிழமை ரத்த அளவு பார்க்கக் கூட்டிப் போவதையும் மறக்க வேண்டாம்.

மெர்பேங்க்_ஆயா:

பூர்புல்லுக்கு எலும்பு வாங்கிக் கொடு தம்பி, வேக வைக்காத எலும்பு. அதன் எஜமானருக்கு ஒரு சட்டி மட்டன் கறி. முனிசிபாலிட்டிக் கடிதத்தைப் பற்றி வாயைத் திறக்காதே.