தகுதியற்ற குருவானவர் கொடுத்த ஞானஸ்நானம் செல்லுமா? தொனாத்தியர் பிளவு குறித்து ஒரு கேள்வி

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சபையின் வேதபாட வகுப்பில், ஒழுக்கக்கேடு நிரூபிக்கப்பட்டுப் பதவி இழந்த ஒரு குருவானவர் அதற்கு முன்பு கொடுத்த ஞானஸ்நானமும் நற்கருணையும் செல்லுமா என்ற பேச்சு எழுந்தது. வகுப்பை நடத்தியவர், இது வட ஆப்பிரிக்காவில் தொனாத்தியர்கள் எழுப்பிய கேள்வி என்றும், திருச்சபை அதற்கு அப்போதே விடை கண்டுவிட்டது என்றும் சொல்லி முடித்துக்கொண்டார். அந்தத் தொனாத்தியர்கள் யார், அவர்களை அவ்வளவு கடுமையான நிலைப்பாட்டுக்குத் தள்ளியது எது, வட ஆப்பிரிக்க ஆயரும் இறையியலாளருமான அகுஸ்தினார் அவர்களுக்கு என்ன மறுமொழி சொன்னார் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1

இதை 303-ஆம் ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும். அவ்வாண்டு பிப்ரவரியில் பேரரசர் தியோக்கிளேசியன், ஆலயங்களை இடிக்கவும் வேதநூல்களைப் பறித்து எரிக்கவும் ஆணையிட்டார். நூல்களை ஒப்படைக்க மறுத்துச் சிலர் உயிரைக் கொடுத்தார்கள். வேறு சிலர் அஞ்சிக் கையளித்தார்கள்.

நுமிடியாவின் சிர்த்தா நகரில், இன்றைய அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைனில், அதே ஆண்டு மே 19 அன்று கிறிஸ்தவர்கள் கூடிய வீட்டில் நடந்த சோதனையின் அரசுப் பதிவு நமக்குக் கிடைத்திருக்கிறது. 2 பொற்கிண்ணங்கள், 6 வெள்ளிக் கிண்ணங்கள், 82 பெண்கள் அங்கிகள், 47 சோடிப் பெண்கள் காலணிகள் என்று எழுத்தர்கள் ஒவ்வொன்றாக எண்ணி எழுதியிருக்கிறார்கள். நூலக அலமாரிகள் காலியாக இருந்தன. மற்ற நூல்கள், ஆலயத்தில் வேதம் வாசிக்கும் பணியாளர்களான வாசகர்களிடம் இருப்பதாகச் சொன்ன துணைத் திருத்தொண்டர்கள் (குருக்களுக்குக் கீழ்நிலை ஊழியர்கள்), அந்த வாசகர்களின் வீடுகளைக் காட்ட மறுத்து, தாங்கள் காட்டிக்கொடுப்பவர்கள் அல்லர் என்றும், வேண்டுமானால் தங்களைக் கொல்லலாம் என்றும் சொன்னார்கள். ஆனால் அவர்களே ஒரு பெரிய நூலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டதும் அதே பதிவில் இருக்கிறது. துணிவும் அச்சமும் ஒரே ஆளிடம் ஒரே நாளில் இருந்ததைக் காட்டுவதால்தான் இந்த ஆவணத்தை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

துன்புறுத்தல் ஓய்ந்தபின், 311-ஆம் ஆண்டை ஒட்டி, செசிலியான் என்பவர் கார்த்தேஜின் ஆயரானார். அவருக்குத் திருநிலைப்பாடு (திருப்பணிக்கான அபிஷேகம்) வழங்கிய அப்துங்கி ஆயர் பெலிக்ஸ் வேதத்தைக் கையளித்தவர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. கறைபட்ட கையிலிருந்து பெற்ற ஆயர் பதவி செல்லாது என்று நுமிடிய ஆயர்கள் கூடி முடிவெடுத்து, மயோரினுஸ் என்பவரை எதிர் ஆயராக்கினார்கள். அவருக்குப் பின் வந்த தொனாத்துஸின் பெயரே அந்த இயக்கத்துக்கு நிலைத்துவிட்டது. பின்னர் நடந்த விசாரணையில் பெலிக்ஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. அதைவிட ஆழமான முடிவை 314-ஆம் ஆண்டு ஆர்ல் நகரில் கூடிய ஆயர்கள் சங்கம் எடுத்தது: வேதத்தைக் கையளித்தவர் என்று அரசு ஆவணங்களால் நிரூபிக்கப்பட்டவர் பதவி இழக்க வேண்டும், ஆயினும் அவர் கையால் திருநிலைப்பாடு பெற்றவர்களின் பதவி செல்லும்.

அகுஸ்தினாரின் மறுமொழி இந்த முடிவுக்கு இறையியல் அடித்தளம் கொடுத்தது. யோவான் நற்செய்தி பற்றிய உரைகளில் அவர் சொல்வதன் சாரம் இது: பேதுரு திருமுழுக்குக் (ஞானஸ்நானம்) கொடுத்தாலும், பவுல் கொடுத்தாலும், யூதாசே கொடுத்தாலும், உண்மையில் திருமுழுக்குக் கொடுப்பவர் கிறிஸ்துவே. கொடுப்பவரின் தூய்மையை நம்பித்தான் அருள் கிடைக்கும் என்றால், மனிதரின் உள்ளத்தை யாரும் காண முடியாதாகையால், எந்த விசுவாசியும் தன் திருமுழுக்கைப் பற்றி உறுதியாக இருக்க முடியாது.

பதில் 2

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் தொனாத்தியர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று ஒதுக்கிவிடுவது அநீதி. அவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. விசுவாசத்துக்காக உயிர்கொடுத்த மறைசாட்சியான கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான், திருச்சபைக்கு வெளியே கொடுக்கப்பட்ட திருமுழுக்கு திருமுழுக்கே அல்ல என்று கற்பித்தவர். 256-ஆம் ஆண்டு கார்த்தேஜில் கூடிய 87 ஆயர்கள் அதையே வழிமொழிந்தார்கள். ரோம் ஆயர் ஸ்தேவான் அதை ஏற்கவில்லை. ஆகவே தொனாத்தியர்கள் தங்களைச் சிப்ரியானின் உண்மையான வாரிசுகளாகவே எண்ணினார்கள். கறைதிரை இல்லாத சபை என்று எபேசியர் நிருபம் சொல்வதை அவர்கள் சொல்லுக்குச் சொல் நம்பினார்கள். தன் பெற்றோரையோ உடன்பிறந்தாரையோ மறைசாட்சியாக இழந்த ஒருவர், நூலைக் கையளித்துத் தப்பியவரின் கையிலிருந்து நற்கருணை வாங்க மறுத்ததை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

அடுத்தது அரசின் தலையீடு. பேரரசர் கான்ஸ்டன்டைன் 317-ஆம் ஆண்டளவில் அவர்கள்மீது படைபலத்தைப் பயன்படுத்தினார். 321-இல் அதைக் கைவிட்டார். 347-இல் மறுபடியும் அடக்குமுறை வந்தபோது, திருச்சபையோடு பேரரசருக்கு என்ன வேலை என்று தொனாத்துஸ் கேட்டதாக, அவருடைய எதிர்த்தரப்பைச் சேர்ந்த மிலேவிஸ் ஆயர் ஒப்தாத்துஸே எழுதியிருக்கிறார். 411-ஆம் ஆண்டு கார்த்தேஜில் இரு தரப்பிலும் ஏறக்குறைய 280 ஆயர்கள் வீதம் கூடி வாதிட்டார்கள். அரசு அதிகாரி மார்செல்லினுஸ் தொனாத்தியருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். தொடக்கத்தில் வற்புறுத்தலை எதிர்த்த அகுஸ்தினார், பின்னாளில் ‘உள்ளே வரும்படி வருந்திக் கூட்டிக்கொண்டுவா’ என்ற லூக்கா 14:23-ஐக் காட்டி அதை ஆதரித்தார். ஞானஸ்நானம், நற்கருணை போன்ற அருட்சாதனத்தைப் பற்றி அவர் சொன்னது சரி. இந்த இடத்தில் அவர் வழி தவறினார் என்பது என் உறுதியான கருத்து, ஏனென்றால் பின்வந்த நூற்றாண்டுகளில் இதே வசனம் பலரை ஒடுக்கப் பயன்பட்டது.

பதில் 1 (தொடர்ச்சி)

வற்புறுத்தல் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். சிர்த்தாவின் துணைத் திருத்தொண்டர்களில் ஒருவரான சில்வானுஸ், பின்னாளில் அந்நகரின் தொனாத்திய ஆயரானார். 303-இல் அவர் ஒரு வெள்ளிப் பெட்டியையும் ஒரு வெள்ளி விளக்கையும் எடுத்து ஒப்படைத்தது 320-ஆம் ஆண்டு விசாரணையில், மேற்சொன்ன பழைய பதிவை வாசித்தபோது வெளிப்பட்டது. அவரை நான் பழிக்கவில்லை. கறையற்றவர்களை மட்டுமே கொண்ட ஆயர் வரிசையை நிறுவ முயன்றவர்களுக்கே அது இயலவில்லை என்பதால், அகுஸ்தினாரின் வாதம் எனக்கு இன்னும் வலுவாகத் தெரிகிறது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால், இன்று சில சபைகளில் சேருகிறவர்களுக்கு மறுபடியும் ஞானஸ்நானம் கொடுக்கிறார்களே, அதுவும் தொனாத்தியக் கொள்கைதானா?

பதில் 3

இல்லை. பெந்தெகொஸ்தே சபைகளும் பாப்திஸ்து சபைகளும் குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காததற்குக் காரணம், பெறுகிறவர் தாமே விசுவாசித்து அறிக்கை செய்திருக்க வேண்டும் என்பதே. கொடுத்தவரின் ஒழுக்கம் அங்கே பேச்சுப்பொருள் அல்ல.

உங்கள் வகுப்பில் எழுந்த கேள்விக்குப் பெரிய மரபுகளின் விடை ஒன்றேதான். லுத்தரன் சபைகளின் 1530-ஆம் ஆண்டு அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, தன் 8-ஆவது பிரிவில் தொனாத்தியரைப் பெயர் சொல்லியே மறுக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை 1547-இல் திரிதெந்து சங்கத்தில், சாவான பாவத்தில் இருக்கும் குருவும் அருட்சாதனத்தைச் செல்லுபடியாக நிறைவேற்றுகிறார் என்று வரையறுத்தது. தென்னிந்தியத் திருச்சபையின் வேர்களில் ஒன்றான ஆங்கிலிக்கன் மரபின் 39 விசுவாசப் பிரிவுகளில் 26-ஆவது இதைப் பற்றியதே. அதை உங்கள் வகுப்பில் முழுமையாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஏனென்றால் ஊழியரின் பாவம் திருவிருந்தின் பயனைக் கெடுப்பதில்லை என்று சொன்ன கையோடு, தீய ஊழியர்கள்மீது விசாரணை நடத்துவதும், குற்றம் உறுதியானால் அவர்களைப் பதவி நீக்குவதும் சபையின் கடமை என்றும் அதே பிரிவு சொல்கிறது.