ராத்திரி ஒன்றரை மணிக்கு மொட்டைமாடியில் யார்? சென்னைவாசிகளே, உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

வேளச்சேரி மாடிவீடு:

மூன்று வாரமாக எங்கள் வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் இல்லை. ராத்திரி ஒன்று, ஒன்றரைக்கு மொட்டைமாடியில் தடதடவென்று ஓட்டம், அப்புறம் எதையோ இழுக்கிற சத்தம், கொஞ்ச நேரம் அமைதி, திரும்ப ஓட்டம். முதல் நாள் திருடன் என்று நினைத்து கிரிக்கெட் மட்டையோடு ஏறிப் போனேன், ஈ காக்கை இல்லை. காலையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்குக் கழிவு கிடந்தது. அதில் பாதிக்கு மேல் பப்பாளி விதையும் சப்போட்டாக் கொட்டையும்தான், கழுவி எடுத்து வைத்த மாதிரி முழுசாக. பூனை பப்பாளி தின்னுமா என்று நான் குழம்பிக்கொண்டிருக்க, அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இது மரநாய்டா. ஊர்ல பனையில ஏறி கலயத்துல வாய வச்சிட்டுப் போகுமே, அது" என்றார்.

அம்மா சொன்னது சரி. நான்காம் நாள் டார்ச் அடித்தபோது மாடி அறையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில் இரண்டு கண்கள். கறுத்த முகம், கண்ணுக்குக் கீழே வெள்ளைத் திட்டு, உடம்பளவுக்கு நீண்ட வால். உள்ளேயிருந்து குட்டிகளின் கீச்சுக் குரல் வேறு.

அதை அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் போட்டதுதான் நான் செய்த தப்பு. குழந்தையைக் கடிக்கும் என்றார் ஒருவர், எலி மருந்து வை என்றார் இன்னொருவர். நான் ஆபீஸ் போயிருந்த நேரத்தில் பூச்சி மருந்து அடிக்கிற ஆளை செயலாளர் வரவழைத்துவிட்டார், கூண்டோடு. "புடிச்சு தூரமா விட்டுடுவோம் சார்" என்றார் செயலாளர். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிற உயிர், அனுமதி இல்லாமல் கைவைத்தால் வழக்கு ஆகும் என்றேன். "பேர்லயே நாய்னுதான சார் இருக்கு" என்றார். உண்மையில் அது நாயும் இல்லை, பூனையும் இல்லை, புனுகுப்பூனையின் சொந்தக்காரன். பழம் தின்னும், எலியும் பிடிக்கும்.

சட்டம் எதுவும் குழுவில் எடுபடவில்லை. தாயைப் பிடித்துக்கொண்டு போனால் குட்டிகள் கூரைக்குள்ளேயே செத்து நாறும், அப்புறம் ஷீட்டைப் பிரிக்கிற செலவு உங்கள் தலையில்தான் என்று போட்டேன். அதற்குப் பிறகுதான் எல்லாரும் அடங்கினார்கள். இப்போதைக்கு, குட்டிகள் வளர்ந்து தானாக வெளியேறும் வரை காத்திருக்கிறோம். உங்கள் வீடுகளுக்கு என்ன வந்தது, என்ன செய்தீர்கள்?

மடிப்பாக்கம்:

எங்களுக்கு சாரை. 2015 டிசம்பர் வெள்ளம், கீழ்வீட்டில் இடுப்பளவு தண்ணீர், எல்லாரும் முதல் மாடியில். படிக்கட்டில் தண்ணீருக்கு மேலே இருந்த முதல் படியில் ஆறடி நீளத்துக்குப் பழுப்பாகச் சுருண்டு கிடந்தது. கீழ்வீட்டு அண்ணன் கையில் கம்பு. சாரை வாலால் அடித்தால் அடித்த இடம் அழுகும் என்று ஒரு பாட்டி, சாரை இருந்தால் ஜோடிக்கு நல்லபாம்பு பக்கத்திலேயே இருக்கும் என்று இன்னொருவர். ரெண்டும் கட்டுக்கதை. சாரைக்கு விஷமே கிடையாது. ரெண்டு பாம்பு பின்னிக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு சாரையும் நாகமும் சேர்கிறது என்பார்களே, அது பெரும்பாலும் ரெண்டு ஆண் சாரைகள் போடுகிற மல்யுத்தம்.

ஆனால் நான் ஒன்றும் வீரன் இல்லை. அது சாரைதான் என்று அப்போது எனக்கு எண்பது சதவீதம்தான் தெரியும், மீதி இருபதுக்குக் கால் நடுங்கியது. அதனால் கம்பை மட்டும் வாங்கி வைத்துவிட்டு எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். வெள்ளத்தில் வனத்துறைக்கு போன் போகவில்லை. ஒரு ராத்திரி முழுக்க ஒருவர் மாற்றி ஒருவர் மெழுகுவத்தியோடு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அது எங்களைப் பார்த்த மாதிரிகூடத் தெரியவில்லை. விடிந்ததும் மெதுவாகத் தண்ணீரில் இறங்கி, மிதந்துகொண்டிருந்த மெத்தையின் ஓரமாக நீந்திப் போய்விட்டது.

இப்போது பக்கத்திலிருக்கிற பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள், 2022ல், சுமார் 1,247 ஹெக்டேர். நான் மனை வாங்கும்போது புரோக்கர் சொன்னது "கொஞ்சம் தண்ணி நிக்கும் சார், அவ்ளோதான்". அந்த வெள்ளத்துக்கு அப்புறமும் மழைக்கு மழை பாம்பு வரும். குப்பைத் தொட்டிக்கு மூடி போட்டு, காம்பவுண்டு ஓரத்துச் செங்கல் குவியலை எடுத்த பிறகு எலி குறைந்தது, பாம்பும் குறைந்தது. ஒன்று மட்டும் சொல்கிறேன், தரையில் பாய் போட்டுத் தூங்குகிறவர்கள் மழைக்காலத்தில் கட்டிலுக்கு மாறுங்கள், இல்லையென்றால் கொசுவலையை விரிப்புக்கு அடியில் நன்றாகச் செருகிக்கொள்ளுங்கள். கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும். கடித்தால் பல நேரம் வலியே தெரியாது.

கிண்டி பக்கத்தில்:

எல்லாம் சரி. நாம்தான் அதன் காட்டுக்குள் வந்தோம் என்கிற வசனத்தை மட்டும் இங்கே யாரும் எழுதாதீர்கள். போன வருஷம் குரங்கு என் அம்மாவின் கையைக் கிழித்தது. சோப்பு போட்டுக் குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவினோம், அப்புறம் நான்கு ஊசி. குரங்கு மேல் எனக்குக் கோபம் இல்லை. தினமும் காலையில் பால்கனியில் நின்று பிஸ்கெட் போடுகிற ரெண்டாம் மாடிக்காரர் மேல்தான். அவர் ஊருக்குப் போன வாரம்தான் அது எங்கள் ஜன்னலுக்கு வந்தது. வேண்டிய அளவு அன்பு காட்டுங்கள், தின்ன மட்டும் கொடுக்காதீர்கள்.

திருவான்மியூர் கடலோரம்:

பிஸ்கெட்காரர் எல்லா அடுக்ககத்திலும் ஒருவர் இருக்கிறார் போல :)

எங்களுடையது பங்குனி ஆமை, கரைக்கு வந்து முட்டையிடுகிற கடலாமை. 1988லிருந்து மாணவர்கள், தன்னார்வலர்கள் ஜனவரி தொடங்கினால் ராத்திரி நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படாமல் போகிற கூடுகளும் உண்டு. அப்படி ஒரு கூடு எங்கள் கட்டடத்துக்கு நேரே பொரிந்தது. காலையில் பால் வாங்க இறங்கினால் கேட்டுக்கு வெளியே தாரில் உள்ளங்கையைவிடச் சின்னதாக ஒன்று, துடுப்பை அடித்து அடித்து அதே இடத்தில் நிற்கிறது. குஞ்சு வெளிச்சமான பக்கம் போகும், இருட்டில் மினுமினுக்க வேண்டியது கடல். அன்று மினுமினுத்தது எங்கள் மாடி ஃபோகஸ் லைட். பதினோரு குஞ்சு பொறுக்கினேன், நான்கு உயிரோடு. அந்த லைட்டை அணைக்க வைக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆனது. திருட்டு பயம் என்பார்கள். கடைசியில் அணைக்கவில்லை, லைட்டைக் கீழே பார்க்கத் திருப்பி, கடல் பக்கம் தகரத்தை மடக்கி ஒரு தடுப்பு வைத்தோம். எலக்ட்ரீஷியன் வாங்கியது 350 ரூபாய்.

வேளச்சேரி மாடிவீடு:

தாமதத்துக்கு மன்னிக்கவும், ரெண்டு மாதம் ஆகிவிட்டது. சத்தம் நின்று நாலு நாள் ஆனதும் இடுக்கை அடைக்க வலை அடிக்கலாம் என்று கிளம்பினேன். உள்ளே ஒரு குட்டி மிச்சம் இருந்தால் என்ன செய்வாய் என்று அம்மா தடுத்துவிட்டார். இடுக்குக்கு முன்னால் கைப்பிடிச் சுவரில் கோலமாவைச் சலித்துத் தூவினார் (கல்மாவு, அரிசிமாவு என்றால் எறும்பு வந்துவிடும்). மறுநாள் பார்த்தால் சின்னச் சின்னக் கால்தடம், ஐந்து விரலும் நகமும் அச்சு வைத்த மாதிரி. ஆக, ஒன்று இன்னும் வந்து போகிறது. தினமும் காலையில் துடைத்து, சாயங்காலம் தூவி, ஐந்து ராத்திரி மாவு கலையாமல் இருந்த பிறகுதான் கம்பிவலை அடித்தேன்.

நேற்று ராத்திரி ஒன்றரைக்கு செயலாளரிடமிருந்து போன். எதிர் பிளாக்கில் இருக்கிறார். "சார், உங்க மரநாய் எங்க மாடிக்கு வந்திருக்கு." கோலமாவு இருக்கிறதா என்று கேட்டேன்.